பல்லில் கடிபட்டது

லெட்சுமியின் அடுப்படியில் மூன்று சட்டிகள் உண்டு. முதலாவது கரிபிடித்து, காது உடைந்து, எதற்கும் துணிந்து நிற்கிற சட்டி. கோழியா, கருவாடா, கீரையா, எல்லாம் அதில்தான். அது லெட்சுமியின் சட்டி, லெட்சுமி மாதிரியே. இரண்டாவது, பச்சை நூல் கட்டிய அலுமினியச் சட்டி. அது ஹம்ஸியாவுக்கு. பெரகல சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் இத்ரூசின் மனைவி ஹம்ஸியா. அவளுடைய ஆட்கள் அறுத்த கோழியை அவளே கொண்டுவந்து, அவளே அந்தச் சட்டியில் ஆக்குவாள். மூன்றாவது, மஞ்சள் நூல் கட்டிய மண்சட்டி. அது கலாராணியுடையது. ஆறு வருடமாக அதை மீனோ இறைச்சியோ எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கரண்டி மாறிப்போனாலே கலாராணி வரிசை வீட்டு லயத்தையே கூட்டிவிடுவாள்.

இத்தனை காவல் போட்டும் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

கொய்யாமலைத் தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகு வருகிற முதல் ஞாயிறு, இந்த மூன்று பேரும் ஆக்கித் தின்கிற நாள். மற்ற நாட்களில் கலாராணிக்கும் லெட்சுமிக்கும் சாப்பாடு என்பது இன்னொரு வேலை. மலையில் கொழுந்து பறிக்கிற இடத்திலேயே ஆறிப்போன ரொட்டி, போத்தலில் தேத்தண்ணி, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே விழுங்கவேண்டியதுதான். இந்த ஒரு ஞாயிறு மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, ஒருத்தி கையால் ஒருத்தி வாங்கி, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி வாங்கித் தின்பார்கள். கலாராணி மாதம் முழுக்க அந்த ஒரு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஆக்கவும் மனம் இல்லை, தின்னவும் மனம் இல்லை. மருமகள் நிரஞ்சலாவை முந்தின நாள் பின்னேரம் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். "நீ வந்து வாசல்ல நின்னு என்னத்தைப் பண்ணப்போற? உள்ள விடமாட்டாங்க. நான் போன் பண்றேன்," என்று மகன் தினேஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் லெட்சுமி வீட்டு ஜன்னல். அதனால் போனை அங்கே வைத்துவிட்டு, கலாராணி அதையே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். பாதி வெங்காயம் தோலோடு சட்டிக்குப் போயிற்று.

"அடியே, புள்ள பெறப்போறது அவ. நீ ஏன் முக்குற?" என்றாள் லெட்சுமி. "தள்ளு அங்கிட்டு. பலாக்காய நான் பாத்துக்கிறேன்."

ஹம்ஸியா காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தாள். வலது கையில் பெரிய துணிக்கட்டு. இரண்டு நாளைக்கு முன் ரொட்டிக்கல்லில் உள்ளங்கை சுட்டுவிட்டதாம்.

"இந்தக் கையோட ஏன் வந்த?" என்று கலாராணி கடிந்துகொண்டாள்.

"வராம? நிரஞ்சலாக்குப் புள்ள கெடைக்கிற நாள்ல நீ ஒத்தையா ஈக்கிறதா?" ஹம்ஸியா இடது கையால் பையைத் துழாவி ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து வைத்தாள். "இந்தா. ஒன்ட சம்பல்."

சீனிச் சம்பல். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, மிளகாய், புளி, கறுவாப்பட்டை, கறிவேப்பிலை எல்லாம் போட்டு, அடுப்பை நன்றாக அடக்கி, ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே நின்று, கடைசியில் சீனி தூவி இறக்குவது. செய்வது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஹம்ஸியா செய்தால் அது வேறு. மாதம் ஒரு போத்தல் கலாராணிக்கென்று தனியாகச் செய்து தருவாள். லெட்சுமிக்குச் சீனி வருத்தம், அவள் தொடமாட்டாள். முழுப் போத்தலும் கலாராணிக்குத்தான். காலையில் மலைக்குப் போகும்போது ரொட்டிக்கு நடுவில் ஒரு கரண்டி, ராத்திரி சோற்றுக்கு ஒரு கரண்டி. அவளுடைய ஆறு வருட விரதத்தில் நாக்குக்கு இருந்த ஒரே சந்தோசம் அது.

விரதம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், அப்புத்தளைப் பக்கமாக மலையையே மறைக்கிற மாதிரி பனி இறங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தினேஸ் போன கொழுந்து லொறி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தலையில் அடி. பதுளை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், கலாராணிக்கு இருப்பது இந்த ஒன்று. வார்டுக்கு வெளியே தரையில் விழுந்து அவள் சொன்னாள், "மாரியம்மா, இனி சாகிற வரைக்கும் மீனும் இறைச்சியும் என் வாயில படாது. என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடு."

சும்மா சொல்லிவிடவில்லை. நெத்தலி பொரிக்கிற வாசம் வந்தால் மூன்று லயம் தாண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவள். தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத்தான் கொடுத்தாள்.

அன்று பின்னேரம், பக்கத்து வாங்குப் பலகையில் ஒரு பெண் பனிஸ் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய புருஷனுக்குக் குடல்வால் ஆப்பரேசன். இரண்டு வேளையாகப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் சுவரில் சாய்ந்திருந்த கலாராணியைப் பார்த்து, பாதியைப் பிய்த்து நீட்டினாள். உள்ளே சிவப்பாகச் சம்பல்.

"மீனு, இறைச்சி ஏதும் இருக்காங்க?" என்று கேட்டாள் கலாராணி.

"இல்லவே இல்ல. வெங்காயம்தான்," என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பெண்தான் ஹம்ஸியா. வெள்ளிக்கிழமை தினேஸ் கண் திறந்தான். வாங்கில் தொடங்கிய சிநேகிதம் லெட்சுமியின் அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பன்னிரண்டரை மணிக்கு எல்லாம் ஆகிவிட்டது. சூடான சோறு, பருப்பு, மஞ்சள் நூல் சட்டியில் பிஞ்சுப் பலாக்காய்க் கறி, பச்சை நூல் சட்டியில் கோழி, தேங்காய்ப்பூ தூவிய முட்டைக்கோவாச் சுண்டல். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்புச் சூட்டில் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். கலாராணி சோற்றுக் கோப்பையில் ஓரமாகச் சம்பலை வைத்துக்கொண்டு, முதல் உருண்டையை உருட்டும்போதே ஜன்னலைப் பார்த்தாள்.

"போன் எங்கயும் ஓடிறாது. வாயப் பாத்துத் தின்னு," என்ற லெட்சுமி, புதிதாக வந்த கணக்கப்பிள்ளையின் கதையை எடுத்துவிட்டாள். முந்தாநாள் அந்த ஆள் பெரிய தோரணையாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பெண்களை ஏசிக்கொண்டிருந்தாராம். எழுந்து திரும்பினால் காற்சட்டைக்குப் பின்னால் இரத்தம். இரண்டு அட்டைகள். "சொன்னா அந்த ஆளுக்கு வெக்கம், சொல்லாட்டி எங்களுக்குப் பாவம். கடைசியில கைதட்டி, 'ஐயா, ஒங்க பின்னால ரெண்டு பேரு பெரட்டுக்கு வந்திருக்காங்க'ன்னேன்."

பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்கு வந்து நிற்கிற அட்டையை நினைத்து ஹம்ஸியாவுக்குச் சோறு புரையேறியது. கலாராணிக்கும் அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின நாளில் இருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே சம்பலை அள்ளிச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டாள்.

கடக்.

பல்லில் ஏதோ கடிபட்டது. கல் என்று நினைத்து விரலை விட்டு எடுத்தாள். கல் இல்லை. பழுப்பு நிறத்தில், சிவப்பு ஓடின, மரச்சிராய் மாதிரி ஒரு துண்டு.

"கறுவாப்பட்டை," என்று சொல்லிக் கோப்பை ஓரத்தில் வைத்தாள்.

லெட்சுமி எட்டிப் பார்த்தாள். லெட்சுமி கல்யாணத்துக்கு முன்னால் அப்புத்தளையில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு நின்றவள். அவளுக்குத் தெரியாத பலசரக்கு கிடையாது. துண்டை எடுத்து முகர்ந்தாள். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"கலா," என்றாள். "இது பட்டை இல்ல. மாசி."

மாசி என்றால் மாலைதீவில் இருந்து வருகிற மீன். அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, விறகுக்கட்டை மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். இடித்துச் சம்பலில் போட்டால் அதன் ருசியே தனி. லயத்து அடுப்படிகளுக்கு அது எட்டாத சாமான், அங்கே நெத்தலியும் கருவாடும்தான். கலாராணி அதைக் கடையில் தூரத்தில் பார்த்திருக்கிறாள், கையால் தொட்டதில்லை.

அவளுக்குக் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. லெட்சுமியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எழுந்தாள். தண்ணீர்ப் பீலிக்கு ஓடினாள். மழையில் நின்று வாய் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள், விரலை விட்டு ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. என்ன வரும்? ஆறு வருடத்துச் சம்பலை எந்தத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவது?

சேலை நனைய உள்ளே வந்து நின்றாள்.

"ஹம்ஸியா, இதுல மாசி போட்டியா?"

"போட்டேன்," என்றாள் ஹம்ஸியா. ஏன் கேட்கிறாள் என்றே அவளுக்கு விளங்கவில்லை. "கை சுட்டதால எங்கட அவர்தான் இடிச்சுத் தந்தாரு. அந்த மனுசன் அரைகுறையா இடிச்சீக்கி. பல்லுல பட்டுட்டா?"

"இன்னைக்கு மட்டுமா?"

"நான் எப்பவும்தானே போடுற. மாசி இல்லாம என்ன சீனிச் சம்பல்?"

"மீனு இல்லன்னு சொன்னியேடி! அன்னைக்கு ஆஸ்பத்திரியில வாயத் தொறந்து கேட்டேனே! இல்லவே இல்லன்னு சொன்னியே!"

"மீன் போடல்லயே." ஹம்ஸியா திகைத்துப்போய்ச் சொன்னாள். "நான் மீன் போடவே இல்ல கலா. மாசி மட்டும்தான்..."

"மாசி என்ன மரத்துலயா காய்க்குது?"

ஹம்ஸியா சம்பல் போத்தலைத் தூக்கி உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவளாக இருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பாள். அவளுடைய கடையில் மீன் என்றால் அது ஐஸ் பெட்டியில் இருப்பது, கருவாடு என்றால் வாசலில் கோணிச் சாக்கில் தொங்குவது. மாசி இருப்பது மல்லிக்கும் பெருஞ்சீரகத்துக்கும் பக்கத்துப் போத்தலில். பிறந்ததில் இருந்து அதை அங்கேதான் பார்க்கிறாள். உப்பு, புளி, மாசி. இந்த நாட்டில் சம்பல் இடிக்கிற பாதிப் பேரைக் கேட்டுப் பாருங்கள், மாசி மீனா என்று. ஒரு நிமிசம் முழிப்பார்கள். ஹம்ஸியா ஆறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் முழித்தாள்.

"என்ட அல்லாஹ்வே," என்றாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். "மீன்தானே அது. என்ட ரப்பே, மீன்தானே!"

"அதான் அந்தக் கஷ்ட வருசத்துல ருசி இல்லன்னு சொன்னியா?" என்று லெட்சுமி இடையில் கலாராணியைக் கேட்டாள். அவளுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது. "சாமானெல்லாம் யானை விலை வித்துச்சே, அப்ப ஹம்ஸியா சம்பல் என்னமோ சப்புன்னு இருக்குன்னியேடி."

"அப்ப மாசி வாங்க ஏலாமப் போச்சு," என்றாள் ஹம்ஸியா, அழுகையோடு.

கலாராணிக்கு நாக்கு இல்லையா, ஆறு வருடம் மீன் ருசி தெரியாமல் போயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். நாக்குக்குத் தெரிந்தேதான் இருக்கும். அது கமுக்கமாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அவளுக்கு உயிரே போனது வேறொன்றை நினைத்து. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை பின்னேரமே பனிசைத் தின்றுவிட்டாள். அவன் கண் திறந்தது வெள்ளிக்கிழமை. அதாவது அவன் பிழைப்பதற்கு முன்பே, நேர்ந்த வாய் காய்வதற்கு முன்பே, எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. ஒரு நாள்கூட அவள் அந்த விரதம் இருக்கவில்லை. ஆறு வருடமாகச் சாமிக்குக் கொடுத்துவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்தாளே, கொடுக்கவே இல்லை. அம்மன் இத்தனை வருடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு, இந்த நாளில்தானா பல்லில் வைத்துக் காட்டவேண்டும்? அங்கே அந்தப் பெண் வலியில் கிடக்கிற நாளில்?

ஜன்னலில் போன் சத்தமில்லாமல் கிடந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா," என்று ஆரம்பித்தாள். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. "என் மருமகளுக்கோ அந்தப் பச்ச மண்ணுக்கோ ஏதாச்சும் ஆச்சுன்னா, ஹம்ஸியா, ஒன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

"கலா!" என்று அதட்டினாள் லெட்சுமி.

"சொல்லட்டும்," என்றாள் ஹம்ஸியா. "எனக்கு ஆகாத ஒண்ண எனக்குத் தெரியாம ஆறு வருசம் ஒருத்தி ஊட்டி ஈந்தா, நானும் இதத்தான் சொல்லுவேன். இதவிடவும் சொல்லுவேன்."

அவள் எழுந்து, ஒற்றைக் கையாலேயே தன் கோப்பையைக் கழுவினாள். பச்சை நூல் சட்டியில் இருந்த கோழியை லெட்சுமியின் சட்டியில் கவிழ்த்துவிட்டு, சட்டியைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அந்தச் சட்டி அந்த வீட்டை விட்டு வெளியே போவதை லெட்சுமி பார்த்ததே இல்லை.

வாசற்படியில் நின்று ஹம்ஸியா திரும்பினாள்.

"நான் ஒண்ணும் ஒளிச்சுப் போடல்ல கலா. அத மட்டும் நம்பு. மாவு மாதிரி இடிச்சு, அரிச்சுப் போட்டது ஒன்ட பல்லுக்காகத்தான்."

"என் பல்லுக்கு என்ன?"

"நோவுதானே ஒனக்கு. கடிக்க ஏலாதுதானே."

"யாரு சொன்னா?"

"தினேஸ் தம்பிதான்."

லெட்சுமி கலாராணியின் வாயைப் பார்த்தாள். கலாராணிக்கு நாற்பத்தெட்டு வயது. பாக்கை முழுசாகக் கடித்து உடைப்பாள். கரும்பைப் பல்லாலேயே உரிப்பாள். அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பல் அது.

"எப்ப சொன்னான்?" என்றாள் கலாராணி.

"ஆஸ்பத்திரியால வந்து ரெண்டு மூணு மாசம் ஈக்கும். கம்பு ஊண்டி நடந்து வந்தாரு கடைக்கு. நான் ஒரல்ல மாசி இடிச்சிட்டு ஈந்தேன். 'அக்கா, இது யாருக்கு'ன்னு கேட்டாரு. ஒங்கட உம்மாக்குத்தான், சம்பலுக்குன்னேன். ஒரலையே பாத்துக்கிட்டு நிண்டாரு. பொறகு, 'அம்மாவுக்குப் பல்லு வலி, நல்லா தூளா இடிங்க, துண்டே தெரியக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

கலாராணிக்குத் தலைக்குள் எல்லாம் ஒரு தடவை புரண்டு படுத்தது. தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்காக நேர்ந்தாளோ, அவனே வந்து தூளாக இடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. எடுக்கக் கலாராணிக்குக் கை வரவில்லை. லெட்சுமிதான் பச்சைப் பொத்தானை அமுக்கி அவள் காதில் வைத்தாள்.

"அம்மா! பொம்பளப் புள்ளம்மா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நிரஞ்சலாவுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளைக்குத் தல நெறைய முடி. அம்மா? கேக்குதா?"

கேட்டது. கலாராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மற்ற இருவரும் பதறிப்போய்ப் பார்க்க, விரலை ஆட்டி, ஒன்றும் இல்லை, நல்ல செய்தி என்று காட்டினாள். ஹம்ஸியா சட்டியோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகை ஓய்ந்ததும் கலாராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"டேய் தினேஸ். என் பல்லுக்கு என்னடா?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா," என்றான் கடைசியில். சின்னதில் சீனி திருடித் தின்று மாட்டிக்கொண்டபோது இருந்த அதே குரல். "தெரிஞ்சு போச்சா?"

"ஏண்டா சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்றது? நான் எந்திரிச்சு வந்த நேரம் ஒனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு ஒடம்பு தேறணும்னு நீ மீனு பொரிப்ப, முட்டை அவிப்ப, கோழி ஆக்குவ. எல்லாத்தையும் என் கோப்பையில போட்டுட்டு, வெறுஞ்சோத்துல ரசத்த ஊத்திக்கிட்டு எனக்கு எதுக்க உக்காருவ. நான் வாயில வைக்கிறதையே பாப்ப. எனக்கு எறங்காதும்மா. ஒவ்வொரு வாயும் ஒன்கிட்ட இருந்து புடுங்கித் திங்கிற மாதிரி இருக்கும். நீ அந்தப் பக்கம் திரும்பினா நாய்க்குப் போட்டிருக்கேன். நீ நேந்துக்கிட்ட சரி. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

கலாராணி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஒரு நாளு ரொட்டிக்கு அந்தச் சம்பல வச்சுத் தின்னுட்டு, 'ஆகா, என்னா ருசி'ன்னு சிரிச்ச. நான் வந்ததுக்கு அப்பறம் நீ சாப்பாட்டுல சிரிச்சது அன்னைக்குத்தான். நானும் அன்னைக்குத்தான் வயிறு நெறையத் தின்னேன். அதுக்கப்பறம் கடையில போயி அந்த ஒரலப் பாத்தேன். சொன்னா நீ அதையும் விட்டுருவ. அதான் அப்பிடிச் சொன்னேன். பாவம்னா அது எனக்கு வரட்டும்மா."

"வாயக் கழுவுடா. புள்ள பொறந்த அன்னைக்கு என்னா பேச்சு."

"இன்னொண்ணு சொல்றேன். காலையில நிரஞ்சலா கத்துறது வெளிய கேட்டுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நானும் சாமிகிட்ட எதையாச்சும் விட்டுர்றேன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். அப்பறம் நெனச்சேன், நாளைக்கு அந்தப் புள்ள எனக்கு எதுக்க உக்காந்து எப்பிடித் திங்கும்னு. சொல்லல. சும்மா கும்புட்டுட்டு நின்னேன்."

கலாராணிக்கு இப்போதுதான் விளங்கியது. தான் பட்டினி கிடக்கவில்லை, அவன் கிடந்திருக்கிறான். அவனுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நிரஞ்சலாவுக்குச் சூடா ஏதாச்சும் வாங்கிக் குடு. நீயும் தின்னு," என்றாள். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வர்றேன். வந்து ஒனக்கு இருக்கு."

போனை வைத்தாள். சுவரில் லெட்சுமி மாட்டியிருந்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒனக்கும் தெரியுமா தாயே? நீயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

அம்மன் எப்போதும் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்த மாதிரி கலாராணிக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்தில் எப்போதாவது இருந்ததா என்று யோசித்தாள். அப்படியும் தெரியவில்லை.

திரும்பிப் பாய்க்கு வந்து உட்கார்ந்தாள். கோப்பையில் சோறு ஆறிக் கிடந்தது.

"ஹம்ஸியா, உள்ள வா. சட்டிய எடுத்த எடத்துல வையி."

ஹம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இனி மாசி இல்லாமயே செஞ்சு தாறேன் கலா. தனி ஒரல் வாங்குறேன். சத்தியமா."

கலாராணி கோப்பையின் ஓரத்தைப் பார்த்தாள். அந்தத் துண்டு அங்கேயே இருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்தாள். லெட்சுமி, "ஏய், என்னடி பண்ற?" என்று கையை நீட்டுவதற்குள் வாயில் போட்டுக் கடைவாயில் தள்ளினாள்.

கடக்.

மூன்று பேருக்கும் கேட்டது. அவள் நிதானமாக, கண்ணை மூடாமல், நன்றாக மென்று விழுங்கினாள்.

"என் பல்லுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "இனிமே பெருசாவே இடி."

பிறகு கோப்பையை ஹம்ஸியாவின் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு துண்டு கோழி போடு. அடுத்த சம்பள ஞாயித்துக்கெழம தினேசும் வருவான். அவனுக்கு எதுக்க நானும் திங்கணும்."